ஒரு காலுக்கு மூன்றரை டன்

சமையலறைத் தராசில் முதலில் பழைய பூட்ஸை வைத்தேன். ஒற்றைக் காலுக்கு 640 கிராம். அதை எடுத்துவிட்டு, கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும் புது ஷூவை வைத்தேன். 285 கிராம். வித்தியாசம் 355 கிராம். கையில் வாங்கிப் பார்த்தால் இரண்டு தம்ளர் காப்பிக்கு மேல் கனக்காது.

ஆனால் அந்தக் கனத்தைத் தூக்கப்போவது கால். மலைப்பாதையில் என் எட்டு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். 12 கிலோமீட்டர் நடந்தால் 20,000 எட்டுகள். ஒவ்வொரு காலும் 10,000 முறை தரையை விட்டு எழும்புகிறது. 355 கிராமை 10,000 முறை தூக்கினால் 3,550 கிலோ ஆகிறது. ஒரு பகலில், ஒரு காலுக்கு மட்டும், மூன்றரை டன். சாயங்காலம் படியேறும்போது தொடை நடுங்குவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

மலையில் வேகநடை என்பது ஓட்டம் அல்ல. சுமையைக் குறைத்துக்கொண்டு, சமதளத்தில் விரைந்து, ஏற்றத்தில் நிற்காமல், இறக்கத்தில் கால் தடுமாறாமல், மற்றவர்கள் இரண்டு நாளில் முடிக்கும் தூரத்தை ஒரே நாளில் முடிப்பது. ஏற்றம் கடுமையானால் ஓட்டக்காரர்களும் நடக்கத்தான் செய்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தை நேராக ஏறும் மலைப்பந்தயங்களை வைத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, சரிவு சுமார் 16 பாகையைத் தாண்டினால், அதே வேகத்தில் ஏறுவதற்கு ஓட்டத்தைவிட நடைக்குக் குறைவான ஆற்றலே ஆகிறது என்று காட்டியது. வேகமாக மலை ஏற நினைப்பவர் நன்றாக நடக்கக் கற்றால் போதும்.

சரி, முதுகில் ஒரு கிலோவும் காலில் ஒரு கிலோவும் ஏன் ஒன்றல்ல? முதுகுப்பை நம்மோடு சேர்ந்து ஏறக்குறைய ஒரே சீரான வேகத்தில் நகர்கிறது. பாதம் அப்படிப் போவதில்லை. ஓர் எட்டின் முழுச் சுற்றில் சுமார் 60 சதவீத நேரம் பாதம் தரையில் அசையாமல் ஊன்றியிருக்கிறது. மீதி 40 சதவீத நேரத்துக்குள் அது உடலைத் தாண்டி முன்னால் போய் விழ வேண்டும். நாம் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறோம் என்றால், காற்றில் இருக்கும் நேரத்தில் பாதத்தின் சராசரி வேகம் 12.5 கிலோமீட்டர். உடலின் வேகத்தைப்போல இரண்டரை மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அந்த நேரத்தில் ஷூவின் ஒவ்வொரு கிராமும் முதுகிலுள்ள ஒரு கிராமைவிட ஆறே கால் மடங்கு ஆற்றலோடு பறக்கிறது. பிறகு தரையைத் தொட்டதும் அப்படியே நிற்கிறது. அடுத்த எட்டில் மறுபடி முதலிலிருந்து. சைக்கிளை ஒவ்வொரு கெஜத்துக்கும் பிரேக் போட்டு நிறுத்தி, திரும்ப மிதிப்பதுபோல.

தசை செலவிடும் சக்தியை இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. கால் ஓர் ஊசல்போல ஆடி, கொஞ்சம் ஆற்றலைத் திருப்பியும் தருகிறது. ஆனால் நேரடியாக அளந்தவர்கள் கண்டதும் ஏறத்தாழ இந்த அளவுதான். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சூல், கோல்ட்மன் இருவரும் 1969-இல் தலையிலும் கையிலும் காலிலும் சுமை கட்டி ஆட்களை நடக்கவிட்டு, மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். உடலின் சொந்த எடையில் ஒரு கிலோவை நகர்த்த ஆகும் செலவோடு ஒப்பிட்டால், பாதத்தில் கட்டிய ஒரு கிலோவுக்கு மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 4 மடங்கு ஆனது. 5.6 கிலோமீட்டர் வேகத்தில் 6 மடங்கையும் தாண்டியது. 1986-இல் லெக், மஹந்தி ஆகியோர் கனமான பூட்ஸ் அணிந்து சுமை தூக்கி நடப்பவர்களை அளந்து, காலில் கூடும் எடை முதுகில் கூடும் எடையைவிட 6.4 மடங்கு செலவு வைக்கிறது என்று எழுதினார்கள்.

இந்த எண்களில் பலரும் கவனிக்காமல் விடுவது வேகத்தோடு மடங்கும் ஏறுகிறது என்பதை. நிதானமாகக் கோயில் மலை ஏறுகிறவருக்குக் கனமான ஷூ ஒரு பொருட்டாக இல்லாமல் போகலாம். விரைந்து நடப்பவருக்கு அதே ஷூ தனி வரி போடுகிறது. வேகநடைக்கென்று தனியாக எடை குறைந்த ஷூ வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, தோளில் தானே தைத்த ஒரு துணிப்பையும் காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூவுமாக, அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், 3,300 கிலோமீட்டர், தனியாக நடந்து முடித்தார். வழியில் பல ஜோடிகள் கிழிந்தன. மலைக்கு என்றால் தோல் பூட்ஸ்தான் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

எடை குறைந்தால் நல்லது என்று தெரிந்துகொண்டபின், அதைச் சோதிப்பதில் ஒரு பெரிய சிக்கல் வருகிறது. புது ஷூ போட்டவர் உற்சாகமாகத்தான் நடப்பார். மெல்லிய ஷூ என்று தெரிந்தாலே கால் துள்ளும். இந்த மனமயக்கத்தை வெல்ல கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை செய்தார்கள். ஒரே மாதிரித் தெரியும் மூன்று ஜோடி ஷூக்களில், இரண்டில் ரகசியமாகச் சின்னஞ்சிறு ஈயக் குண்டுகளைச் சேர்த்தார்கள். ஒரு ஜோடியில் காலுக்கு 100 கிராம், இன்னொன்றில் 300 கிராம். 18 ஓட்டக்காரர்களிடம் ஒன்றும் சொல்லாமல் 3,000 மீட்டர் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஆக்சிஜன் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடியது. ஓடிமுடித்த நேரம் 0.78 சதவீதம் நீண்டது. 2016-இல் வந்த இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. எண் சிறியதுதான், ஆனால் நேர்மையாக எடுத்த எண். ஷூ நிறுவனங்கள் தரும் வண்ணத்தாள்களில் 20 சதவீதம், 30 சதவீதம் என்று வரும்போதெல்லாம் இந்த 1 சதவீதத்தை நினைத்துக்கொள்கிறேன்.

அதே கூடத்தில் அதற்கு முன் 2012-இல் நடந்த ஆய்வு எடைக்கு ஒரு எல்லையும் வகுத்தது. வெறுங்காலோடு ஓடுவது மிக லேசான மெத்தை வைத்த ஷூவோடு ஓடுவதைவிடச் சிக்கனமாக இல்லை. மெத்தை இல்லாதபோது அதிர்ச்சியைத் தாங்கும் வேலையைக் கால் தசைகளே செய்ய வேண்டியிருக்கிறது, அதற்கும் சக்தி செலவாகிறது. ஆக, ஷூவிலிருந்து எடையைச் சுரண்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் லாபம் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு குறைப்பது பிடிப்பையும் பாதுகாப்பையும்தான்.

இதைச் சொல்லும்போது வெள்ளியங்கிரிக்கு வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பூண்டி அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏழு மலையையும் ஏறி இறங்குகிறார்கள். பழகிய பாதத்தின் தோல் தடித்துப்போனால் உணர்ச்சி மழுங்கிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கென்யாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களையும் ஷூ போட்டுப் பழகியவர்களையும் ஒப்பிட்டு 2019-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு அது தவறு என்றது. தோல் எவ்வளவு தடித்தாலும், அடியில் இருக்கும் நரம்புகளுக்குத் தரையின் அதிர்வு போய்ச்சேர்கிறது. தடித்த மெத்தைதான் அந்தச் செய்தியை மறைக்கிறது. மெல்லிய ஷூவின் இன்னொரு நன்மை அங்கே இருக்கிறது. காலடியில் உருளும் கல்லை அது சொல்லிவிடும்.

நான் சோதிக்கும் பாதை சேர்வராயன் மலைச்சரிவில், ஒரு காப்பித் தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. கீழே சரளை. நடுவில் சில்வர் ஓக் சருகு மூடிய செம்மண். மேலே ஓர் ஓடை, அதன் இருபுறமும் கருநீலச் சாம்பல் நிறப் பாறை. இது சார்னோகைட் என்ற கல். சென்னைப் பரங்கிமலையும் இதே கல்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கு இந்தக் கல்லைப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர் வந்தது. எனக்கு இதில் அக்கறை ஏனென்றால், ஷூ விமர்சனங்கள் பெரும்பாலும் ஆல்ப்ஸ் மலைச் சுண்ணாம்புப் பாறையிலோ அமெரிக்க மணற்கல்லிலோ நடந்து பார்த்து எழுதப்படுகின்றன. ஐப்பசி மழையில் பாசி பிடித்த நம் சார்னோகைட்டில் அந்த மதிப்பெண் அப்படியே செல்லாது. ஷூவை வாங்குபவர் நடக்கப்போகும் பாறையில் சோதிக்க வேண்டும்.

ஏறும்போது இரண்டு ஷூக்களுக்கும் எடையைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஏற்றத்தில் பாதம் மெதுவாக, மேல்நோக்கி வந்து பதிகிறது, இடிப்பதில்லை. இறக்கம் வேறு உலகம். காட்ஷால், கிராம் என்ற ஆய்வாளர்கள் 2005-இல் விசை அளக்கும் ஓடுபொறியைச் சாய்வாக வைத்து, அதில் ஆட்களை ஓடவிட்டு அளந்தார்கள். 9 பாகை இறக்கத்தில், சமதளத்தைவிடப் பாதம் மோதும் விசையின் உச்சம் 54 சதவீதமும், முன்னால் சறுக்காமல் தடுக்கும் பிரேக் விசையின் உச்சம் 73 சதவீதமும் கூடின. அதே 9 பாகை ஏற்றத்தில் மோதல் உச்சமே காணாமல் போனது. ஓட்டத்துக்கு எடுத்த எண்களை நடைக்கு அப்படியே வைக்க முடியாது, ஆனால் வேகமாக இறங்குகிறவர் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோதான் இருக்கிறார். அந்தப் பிரேக் விசை முழுவதும் ஷூவின் ரப்பருக்கும் கல்லுக்கும் இடையே போய் நிற்கிறது. மெல்லிய ஷூவைச் சோதிப்பதென்றால் இறக்கத்தில் சோதிக்க வேண்டும், அதுவும் கால் களைத்த பிறகு, ஈரத்தில். கடை வாசலில் நான்கு எட்டு வைத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள், ஓடைக்குக் கீழே அப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். முதல் நாள் மழை. எனக்கு முன்னால் ஓர் அக்கா, தலையில் காப்பிப் பழ மூட்டையோடு இறங்கினார். காலில் வாரச் சந்தையில் விற்கும் பிளாஸ்டிக் ஷூ. அவருக்கு நடையில் தயக்கமே இல்லை. நான் இரண்டு இடத்தில் வழுக்கி, கையை ஊன்றி எழுந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“குதியை முதல்ல வெக்காதீங்க தம்பி. காலை முழுசா ஊனுங்க. சின்ன எட்டா வெய்ங்க, பெரிய எட்டு வெச்சா இழுத்துட்டுப் போயிரும்.”

“கல்லு எது வழுக்கும்னு எப்படிக்கா தெரியுது?”

“கறுப்பா மின்னுச்சுன்னா வழுக்கும். பச்சையா இருந்தா மிதிக்கவே மிதிக்காதீங்க. சொரசொரன்னு வெளுப்பா இருக்கில்ல, அதுல வெய்ங்க.”

உராய்வு பற்றிய பாடப்புத்தகம் சொல்ல வேண்டியதில் பாதியை அவர் சொல்லிவிட்டார். பாதம் தரையை எவ்வளவு விசையோடு கிடைவாட்டில் தள்ளுகிறது, எவ்வளவு விசையோடு கீழே அழுத்துகிறது என்ற விகிதம்தான் வழுக்குமா வழுக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. சமதளத்தில் சாதாரணமாக நடக்கும்போது இந்த விகிதம் சுமார் 0.2. எட்டை நீட்டினால் குதிகால் உடலுக்கு வெகு முன்னால் சாய்வாக விழுகிறது, தள்ளும் விசை கூடுகிறது. இறக்கத்தில் சரிவே அதைக் கூட்டுகிறது. சின்ன எட்டு வைத்தால் உடல் எடை பாதத்துக்கு நேர் மேலே வருகிறது. முழுப்பாதத்தையும் பதித்தால், குதிகாலின் ஓரம் மட்டும் தொடுவதற்குப் பதில் மொத்த அடிப்பாகமும் கல்லைப் பிடிக்கிறது. ரப்பருக்கு இது முக்கியம். உராய்வுக்கும் தொடும் பரப்புக்கும் சம்பந்தமில்லை என்று பள்ளியில் படித்தோம். மரத்துக்கும் இரும்புக்கும் அது ஓரளவு பொருந்தும். மென்மையான ரப்பருக்குப் பொருந்தாது. அழுத்தம் பரவலாக இருக்கும்போது ரப்பர் கூடுதலாகப் பிடிக்கிறது.

ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, உலர்ந்த கல்லோடு மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்வது. மற்றது, கல்லின் சிறு மேடுபள்ளங்களில் நசுங்கிப் பிதுங்கி, மீளும்போது ஆற்றலை உள்ளேயே வெப்பமாக இழப்பது. தண்ணீர் படர்ந்ததும் முதல் வழி பெரிதும் அடைபட்டுப்போகிறது. இரண்டாவது வழி சொரசொரப்பான கல்லில் ஈரத்திலும் வேலை செய்கிறது. அந்த அக்கா வெளுத்த சொரசொரப்பைத் தேடியது இதனால்தான். பாசி இரண்டையுமே கெடுத்துவிடுகிறது. கல்லின் மேடுபள்ளங்களை நிரப்பி, மேலே ஒரு வழவழப்பான படலத்தைப் போர்த்திவிடுகிறது. பாசிக்கு மேல் பிடிக்கும் ரப்பரை யாரும் இன்னும் செய்யவில்லை. செய்திருப்பதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்பிக் கால் வைக்க வேண்டாம்.

மலை ஷூவுக்கு ரப்பர் அடி வந்த கதை துக்கத்தில் தொடங்குகிறது. 1935 செப்டம்பரில் இத்தாலிய ஆல்ப்ஸில் புன்டா ராசிகா சிகரத்தில் விதாலே பிரமானி என்ற மலையேறியின் நண்பர்கள் 6 பேர் புயலில் சிக்கி இறந்தார்கள். அந்தக் காலத்தில் அடிவாரம்வரை நடக்க ஆணி அடித்த கனமான பூட்ஸ், பாறை ஏற மெல்லிய அடி வைத்த ஷூ என்று மாற்றிக்கொள்வது வழக்கம். மெல்லிய ஷூ பனியையும் குளிரையும் தாங்காது. ஆணி பூட்ஸ் பாறையில் உதவாது. இரண்டு வேலையையும் ஒரே அடி செய்ய வேண்டும் என்று பிரமானி முனைந்தார். டயர் நிறுவனமான பிரெல்லியின் உதவியோடு, பதப்படுத்திய ரப்பரில் ஆழமான பற்கள் கொண்ட அடியை 1937-இல் கொண்டுவந்தார். இத்தாலிய மொழியில் அதற்கு வைத்த பெயரின் பொருள் பீரங்கி வண்டி. அவர் பெயரின் முதல் எழுத்துகளும் குடும்பப்பெயரின் தொடக்கமும் சேர்ந்ததுதான் இன்று ஷூ அடியில் மஞ்சள் எண்கோணத்தில் தெரியும் விப்ரம். 1954-இல் கே2 சிகரத்தை முதன்முதலில் எட்டிய இத்தாலியக் குழுவின் காலில் அந்த அடி இருந்தது.

அந்தப் பற்களை டயருக்குச் சொல்வதுபோல பட்டன் என்றே சொல்லலாம். பட்டன் ஆழமாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். சேற்றிலும் சருகிலும் அது உண்மை. ஈரப் பாறையில் நேர்மாறு. பட்டன்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் கல்லைத் தொடுவதில்லை, ஆகவே பிடிக்கும் பரப்பு குறைகிறது. வேகநடை ஷூவில் 4 முதல் 5 மில்லிமீட்டர் பட்டனும், முன்பாதத்தின் நுனியில் கொஞ்சம் தட்டையான ரப்பரும் இருந்தால் நம் மலைகளுக்குப் போதும் என்பது என் அனுபவம்.

ரப்பரை வீட்டிலேயே சோதிக்கலாம். சமையல் மேடைக்குப் போட்டு மிஞ்சிய கடப்பாக்கல் ஒன்று, 60 சென்டிமீட்டர் நீளம், என்னிடம் இருந்தது. மெருகிட்ட பக்கத்தைக் கீழே போட்டு, சொரசொரப்பான முதுகு மேலே வருமாறு வைத்தேன். தண்ணீர் தெளித்தேன். ஷூவுக்குள் ஒரு பையில் 4 கிலோ மணலைத் திணித்து, கல்லின் ஒரு முனையை மெல்ல உயர்த்திக்கொண்டே போனேன். ஷூ சறுக்கத் தொடங்கிய உயரத்தை ஸ்கேலில் குறித்தேன். அந்த உயரத்தைக் கல் தரையில் விழுத்தும் நிழல் நீளத்தால், அதாவது கிடைமட்ட நீளத்தால் வகுத்தால் கிடைப்பது உராய்வுக் கெழு. வேறு கருவி தேவையில்லை.

புது ஷூ 33 சென்டிமீட்டர் உயரம்வரை நின்றது. கெழு 0.66. ஆறு வருடப் பழைய பூட்ஸ், பட்டன் பெரிதாகத் தேயாமல் இருந்தும், 24 சென்டிமீட்டரிலேயே சறுக்கியது. கெழு 0.44. ரப்பர் வயதாக ஆக ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகிப்போகிறது, நகத்தால் அழுத்தினால் பதிவதில்லை. அலமாரியில் சும்மா இருந்தாலும் அது கெட்டுப்போகும். மணல் மூட்டையின் அழுத்தமும் 65 கிலோ மனிதரின் அழுத்தமும் ஒன்றல்ல, நிற்கும் ஷூவும் மோதி இறங்கும் ஷூவும் ஒன்றல்ல. ஆகவே இந்த எண்ணை வைத்து எந்தச் சரிவில் இறங்கலாம் என்று முடிவு செய்யக் கூடாது. ஒரு ஷூவை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் இது உதவும். அந்த வேலையை மிக நன்றாகச் செய்கிறது.

பிடிப்புக்கு ஒரு விலையும் உண்டு. மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ஆய்வுக்கூடங்களில் உப்புத்தாள் சுற்றிய உருளையின்மேல் ரப்பர்த் துண்டை 10 நியூட்டன் விசையில் அழுத்தி, 40 மீட்டர் தூரம் தேய்த்து, எத்தனை கன மில்லிமீட்டர் கரைந்தது என்று பார்க்கிறார்கள். ஈரப் பாறையில் சிறப்பாக நிற்கும் ரப்பரும் இந்தச் சோதனையில் கரையாத ரப்பரும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

மறுபடி தராசுக்கு வருகிறேன். பெட்டியில் அச்சிட்ட எடை காய்ந்த எடை. ஓடையைக் கடந்தபின் நாம் சுமப்பது வேறு எடை. ஷூவை ஐந்து நிமிடம் வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தேன். எடுத்து நன்றாக உதறி நிறுத்தேன். 285 கிராம் 390 ஆகியிருந்தது. அரை மணி நேரம் அதைப் போட்டு நடந்துவிட்டு நிறுத்தபோது 330. நீர் புகாத சவ்வு வைத்த ஷூவை இப்படிச் சோதித்தால் முதலில் ஜெயிக்கும். ஆனால் கணுக்கால் வழியாக ஒருமுறை தண்ணீர் உள்ளே போய்விட்டால், வெளியே விடாமல் வைத்துக்கொள்வதும் அதே சவ்வுதான். ஓடைகளைக் கடக்கும் நம் மலைகளுக்கு வலைத்துணி ஷூவே மேல். நனையட்டும், நடக்க நடக்க வடியட்டும். ஊறிய தோலில் உராய்வு கூடிக் கொப்புளம் வரும் என்பதால், பையில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் மட்டும் மறக்கக் கூடாது.

கணுக்கால் மூடாத ஷூவில் சுளுக்கு வராதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1993-இல் 622 கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, உயரமான ஷூவும் தாழ்ந்த ஷூவும் கொடுத்துப் பார்த்தார்கள். சுளுக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மைதானமும் மலையும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே ஒருமுறை கடுமையாகச் சுளுக்கியவர்களும் 15 கிலோ மூட்டை தூக்குகிறவர்களும் உயர்ந்த பூட்ஸைக் கைவிடுமுன் யோசிக்கட்டும். மற்றவர்களுக்கு, ஒற்றைக்காலில் நின்று பல் துலக்கிப் பழகுவது பூட்ஸின் கழுத்தைவிடப் பயன்படும்.

எடையைவிடவும் பிடிப்பைவிடவும் அதிகமானவர்கள் தோற்பது பொருத்தத்தில். இறக்கத்தில் அந்தப் பிரேக் விசை பாதத்தை ஷூவுக்குள்ளேயே முன்னால் தள்ளுகிறது. பெருவிரல் போய் முட்டுகிறது. ஆயிரம் முறை முட்டினால் நகம் கறுத்துவிடும். இதற்குப் பயந்து ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால், பாதம் இன்னும் தாராளமாகச் சறுக்கி, குதிகாலில் கொப்புளம் போடுகிறது. குற்றம் நம் பாதத்தில் இல்லை. இங்கே விற்கும் ஷூக்கள் பிரிட்டிஷ், ஐரோப்பிய, அமெரிக்க அளவுகளில், அந்த நாட்டுப் பாதங்களை ஒத்த அச்சுக்கட்டையில் செய்யப்படுகின்றன. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதம் பொதுவாக அகலம் கூடியது என்பது அதில் தெரியவந்தது. அகலம் போதாததால் நாம் நீளத்தில் பெரிய சைஸை வாங்கிக்கொள்கிறோம். அந்த அளவீட்டை வைத்து ‘ப’ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று ஓர் அளவுமுறை உருவாகியிருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கெல்லாம் ஷூ தைக்கும் நம் ஊர், நம் பாதத்துக்கு ஒரு மலை ஷூ தைக்க இது கைகொடுக்கும் என்று நான் மனதார எதிர்பார்க்கிறேன்.

அதுவரை, கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போங்கள். ஒரு சாய்பலகையோ படியோ இருந்தால் கீழ்நோக்கி நின்று பாருங்கள். விரல் முட்டாமல், குதிகால் எழும்பாமல் இருக்க வேண்டும். ஷூவின் மேல் ஓரத்தில் வெறுமனே விட்டிருக்கும் கடைசித் துளையில் லேஸை அதே பக்கத்திலேயே கோத்து ஒரு சிறு வளையம் ஆக்கி, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டு இறுக்கினால் குதிகால் பூட்டுப் போட்டதுபோல நின்றுவிடும். பலர் அந்தத் துளையை அலங்காரம் என்றே நினைத்திருக்கிறார்கள்.

இனி ஆயுள். லேசான ஷூவின் எடை குறைவதற்குக் காரணம் அதன் நடு மெத்தை. இவிஏ என்ற பிளாஸ்டிக்கில் கோடிக்கணக்கான மூடிய காற்றுக் குமிழிகள். ஒவ்வொரு எட்டிலும் குமிழிச் சுவர்கள் மடங்கி மீள்கின்றன. மடங்கி மடங்கி ஒருகட்டத்தில் களைத்துவிடுகின்றன. 2004-இல் வந்த ஓர் ஆய்வில், 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஷூவுக்குள் பாதத்தின்மேல் விழும் உச்ச அழுத்தம் சராசரியாக இரட்டிப்பாகியிருந்தது. வெளியே பார்க்க ஷூ புதுசுபோல இருக்கும். உள்ளே மெத்தை செத்திருக்கும். அதனால் புது ஷூவை ஒரு நாள் போட்டு எழுதும் விமர்சனத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. 300 கிலோமீட்டர் கழித்து அதே சரிவில், அதே ஈரத்தில் ஒருமுறை இறங்கிவிட்டு எழுதுபவரின் பேச்சைக் கேட்பேன். என் வழி, இடது காலில் ஒரு ஷூ, வலது காலில் இன்னொன்று போட்டு ஒரே நாளில் அதே பாதையில் இறங்குவது. பாதி வழியில் கால் மாற்றிக்கொள்வேன். நேற்றைய மழையும் இன்றைய வெயிலும், நேற்றைய களைப்பும் இன்றைய உற்சாகமும் ஒப்பீட்டைக் கெடுப்பதில்லை.

அப்படிக் கால் மாற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த அக்காவை மறுபடி பார்த்தேன். ஓடைக்கரையில் மூட்டையை இறக்கி வைத்திருந்தார். அவர் ஷூவைக் கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டேன். கழற்றிக் கொடுத்தார். பையில் இருந்த சிறு தொங்குதராசில் மாட்டினேன். 240 கிராம். என் ஷூவைவிட லேசு. அடியைத் திருப்பிப் பார்த்தேன். இறுகிப்போன பிளாஸ்டிக், பட்டன் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு ஷூவிலும் சுண்டுவிரல் பக்கம் வெடித்திருந்தது.

ஓடையின் ஈரக் கல் ஒன்றில் அதை வைத்துக் கையால் அழுத்தித் தள்ளினேன். தடையே இல்லாமல் நழுவியது. தினமும் இதைப் போட்டுக்கொண்டு, தலையில் மூட்டையோடு, இதே கல்லில் அவர் இறங்குகிறார். அவரைத் தாங்கி நிற்பது அவர் வைக்கும் சின்ன எட்டுதான்.

சாப்பாடு சுற்றி வந்த செய்தித்தாளைப் பாறைமேல் விரித்து, அவரை அதன்மேல் நிற்கச் சொல்லி, பாதத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்தேன்.

“எதுக்கு தம்பி இது?”

“அளவுக்கா. உங்க ஷூ எவ்வளவு அகலம்னு பாக்கணும்.”

அவர் காலை எடுத்ததும், அந்தக் கோட்டின்மேல் அவருடைய ஷூவை வைத்தேன். நீளம் சரியாக இருந்தது. முன்பாதத்தில் இரண்டு பக்கமும் கோடு ஷூவுக்கு வெளியே ஒரு விரல்கடை தள்ளி ஓடியது.